பலகையில் எத்தனை எழுத்து இருந்தால் நல்ல பிரசவ டாக்டர்?

கேள்வி (துபாயிலிருந்து) – 2025 ஜூன் 2

மனைவிக்கு இது ஐந்தாம் மாதம், முதல் பிரசவம். உச்சிப்புளிப் பக்கம் மாமியார் வீட்டில் இருக்கிறாள். ராமநாதபுரத்தில் இரண்டு லேடி டாக்டர்களைச் சொல்கிறார்கள். ஒருவர் பலகையில் எம்.பி.பி.எஸ்., டி.ஜி.ஓ., அவ்வளவுதான். இன்னொருவர் பலகையில் எம்.எஸ். (ஓ.ஜி.), எஃப்.எம்.ஏ.எஸ்., அப்புறம் ஏதோ ஜெர்மனி என்று மூன்று வரிக்கு ஓடுகிறது. மாமியார் நீளப் பலகைதான் என்கிறார். என் அம்மா, 'நீ நர்சம்மா கையில் பிறந்தவன்தானே, உனக்கு என்ன குறைச்சல்' என்கிறார். இரண்டு பேரில் யார் பெரிய டாக்டர்?

ஜூன் 2, இரவு 10.40

தம்பி, பலகை நீளம்தான் கணக்கு என்றால் எங்கள் தெருவில் பத்திரம் எழுதுகிறவர் பெரிய டாக்டர். சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2008-லிருந்து 2019 வரை கடலோர ஊர் ஒன்றில் ஒரு டாக்டரம்மாவிடம் முன்மேசையில் இருந்தேன். டோக்கன் போடுவது, கார்டு எழுதுவது, போன் எடுப்பது, மாமியார் சண்டை விலக்குவது எல்லாம் நான்தான். படித்தது பிளஸ் டூ. காதில் விழுந்தது நிறைய.

எம்.பி.பி.எஸ். என்பது நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. அதுவரை எல்லா டாக்டரும் ஒன்றுதான். அதற்கு மேல் டி.ஜி.ஓ. என்றால் பிரசவமும் பெண்கள் நோயும் மட்டும் இரண்டு வருட டிப்ளமா. எம்.டி., எம்.எஸ். என்றால் அதே பாடம் (ஓ.ஜி. என்பது அதுதான்) மூன்று வருடம், ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும். டி.என்.பி.யும் மூன்று வருடம்தான், பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்காமல் தேசியத் தேர்வு வாரியம் கொடுக்கும். டி.ஜி.ஓ. முடித்துவிட்டு இன்னும் இரண்டு வருடம் உட்கார்ந்து டி.என்.பி. வாங்கியவர்களும் உண்டு. எஃப்.எம்.ஏ.எஸ். என்பது துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனுக்கான சில நாள் பயிற்சியும் ஒரு தேர்வும். ஜெர்மனி என்று இருப்பது பெரும்பாலும் குழந்தையின்மை சிகிச்சைக்கான டிப்ளமாவாக இருக்கும். உங்கள் மனைவிதான் ஏற்கெனவே உண்டாகிவிட்டாளே, அந்த வரிக்கு உங்களுக்கு வேலையில்லை.

எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஜூன் 2, இரவு 11.15

எம்.டி. பெரிதா எம்.எஸ். பெரிதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே படிப்பு. முன்பு எம்.டி. (ஓ.ஜி.) என்று கொடுத்தார்கள், பிறகு எம்.எஸ். என்று மாற்றினார்கள். ஆகவே எம்.டி. என்று இருந்தால் கொஞ்சம் வயதானவர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டி.ஜி.ஓ.வும் அப்படித்தான். தமிழ்நாட்டில் அந்த டிப்ளமா இடங்களையெல்லாம் பட்ட இடங்களாக மாற்றிவிட்டார்கள், இனி புதிதாக வருவது அரிது. டி.ஜி.ஓ. மட்டும் போட்ட பலகை என்றால் உள்ளே இருப்பவர் இருபது முப்பது வருடம் பிரசவம் பார்த்த கையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஜூன் 3

காலையில் எழுந்து என் பதிவையே படித்துப் பார்த்தேன். 'எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்' என்று மொட்டையாக எழுதியது தப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

என் சின்னம்மா மகள் ஒருத்தி, இப்போது எந்த ஊர் என்பது வேண்டாம், ஒரு இடத்தில் ஏழு மாதம் வரைக்கும் காட்டினாள். பலகையில் 'மகளிர் நலம், மகப்பேறு' என்று பெரிதாக இருந்தது. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் எம்.பி.பி.எஸ்., அதற்குப் பிறகு ஒரு சான்றிதழ்ப் படிப்பு. எட்டாம் மாதம் ரத்த அழுத்தம் ஏறியதும், ராமநாதபுரம் கொண்டுபோங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். அனுப்பியது சரிதான். ஏழு மாதம் நாங்கள் அவரைப் பிரசவ நிபுணர் என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் கோளாறு. எம்.பி.பி.எஸ். படித்தவர் பிரசவம் பார்க்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் அவசரம் என்றால் அறுக்க வேண்டியவர் வேறு ஆள் என்பது முதலிலேயே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக எழுத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. டி.ஜி.ஓ., எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி., இந்த நாலில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போதும். நாலில் எது என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கும். 2002 விதிமுறைப்படி கிளினிக்கிலும் சீட்டிலும் அதைப் போட்டே ஆக வேண்டும். அதை வைத்துத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் தேடினால் பெயரும் படிப்பும் வரும். துபாயில் இருந்துகொண்டே நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான காரியம் இது ஒன்றுதான்.

ஜூன் 3, மாலை

'உங்கள் டாக்டரம்மா என்ன படித்திருந்தார்' என்று கேட்டிருக்கிறார் தொண்டிக்காரர் ஒருவர். டி.ஜி.ஓ.தான். அதனால்தான் டி.ஜி.ஓ.வுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். படித்து முடித்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை, பிறகு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான ஒதுக்கீட்டில் டி.ஜி.ஓ. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த காலத்தில் ஒரு ராத்திரிக்கு எத்தனை பிரசவம் என்று எண்ண மாட்டார்களாம், விடிந்தபின் செருப்பைத் தேடுவதே பெரிய வேலையாம். அதற்குப் பிறகு பல வருடம் அரசு வேலை, மாலையில் சொந்த கிளினிக் (தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரம் போக வெளியே பார்க்கலாம்), கடைசியில் விருப்ப ஓய்வு வாங்கிப் பத்துக் கட்டில் போட்டு உட்கார்ந்தார். நான் சேர்ந்தது அப்போதுதான். 108 வண்டி வந்ததும் அதே வருடம்தான்.

காலை பத்திலிருந்து ஒன்றரை, மாலை ஐந்திலிருந்து கடைசி ஆள் போகும்வரை. வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் குறைவு, ஜும்ஆ முடிந்து மாலையில் கீழக்கரை, பெரியபட்டினத்து ஆட்கள் வேனில் வந்து இறங்குவார்கள். தொதல் என்கிற இனிப்பைக் கொண்டுவராத வெள்ளிக்கிழமை இல்லை. டாக்டரம்மாவுக்குச் சர்க்கரை. எனக்கு எடை கூடியதற்குக் காரணம் அதுதான்.

ஜூன் 9

தம்பி தனிச்செய்தியில், இரண்டு டாக்டர்களுக்குமே முறையான படிப்பு இருப்பதைப் பார்த்துவிட்டேன், இனி எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

மயக்க டாக்டர் எங்கே இருக்கிறார்? முதலில் கேட்க வேண்டியது இது. எங்கள் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்களில் மயக்க டாக்டர் அங்கேயே குடியிருக்க மாட்டார். ராமநாதபுரத்தில் நாலைந்து ஆஸ்பத்திரிக்கு ஒருவர் சுற்றிக்கொண்டிருப்பார். போன் போட்டால் 'இங்கே ஒன்றை முடித்துவிட்டு வருகிறேன்' என்பார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அங்கே ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

2011-ல் என் தங்கைக்கு ஆனது இதுதான். தீவுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். நான் வேலை பார்த்த இடத்துக்கு வராமல் அவள் மாமியார் சொன்ன இடத்துக்குப் போனாள். பெயர் வேண்டாம், நல்ல டாக்டர், நல்ல படிப்பு, பலகையில் எழுத்துக்குக் குறைவில்லை. ராத்திரி எட்டரைக்குக் குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, ஆபரேஷன் என்று முடிவு செய்தார்கள். மயக்க டாக்டர் பாம்பன் பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். அந்த இரண்டே கால் மணி நேரம் நான் வராந்தாவில் உட்கார்ந்து தண்ணி டிரம்மின் மூடியில் இருந்த கீறல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். குழந்தை பிழைத்தது, நாலு நாள் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது எட்டாவது முடித்துவிட்டான், என்னைவிட உயரம். அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் வீட்டில் ஒருவர்கூட முன்னாலேயே அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை, தினமும் அதே தொழிலில் இருந்த நான்கூட.

இரண்டாவது, ரத்தம். அந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறதா, ஆள் ஓட வேண்டுமா? மூன்றாவது, குழந்தை டாக்டர் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவார்? நாலாவது, டாக்டர் கல்யாணம், கருத்தரங்கு என்று ஊரில் இல்லாத நாளில் அவருக்குப் பதில் யார்? இவற்றைக் கேட்டால் கோபப்படுகிற டாக்டர் என்றால் அங்கே போக வேண்டாம். எங்கள் அம்மா கோபப்பட மாட்டார், மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் போன் நம்பர்களைத் திருப்பிக் காட்டுவார்.

ஜூன் 9, பத்து நிமிடம் கழித்து

'எங்கள் அம்மா' என்றது டாக்டரம்மாவை. என்னைப் பெற்ற அம்மா கோபப்படுவார்.

ஜூன் 11

பெரியபட்டினத்துத் தங்கச்சி ஒருத்தி ஆண் டாக்டர் என்றால் உம்மா விடமாட்டார்கள், என்ன செய்வது என்கிறாள். உம்மாவிடம் வாதாட வேண்டாம். ஒன்றை மட்டும் காதில் போட்டு வை. லேடி டாக்டரே பார்த்தாலும் மயக்க மருந்து கொடுக்க வருகிறவர் ஆணாக இருக்கலாம், நம் பக்கத்தில் பெரும்பாலும் ஆண்தான். ஆபரேஷன் அறை வாசலில் நின்றுகொண்டு இந்தப் பேச்சை ஆரம்பித்தால் நேரம் போய்விடும். நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 வருடம் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசுவாமி முதலியார் பிரசவ டாக்டர்தான் என்று எங்கள் டாக்டரம்மா சொல்லிப் பார்ப்பார். எந்த உம்மாவும் அதற்கு அசைந்ததாக நினைவில்லை.

ஜூன் 12

தம்பி, ஐந்தாம் மாதம் என்றால் இந்நேரம் உறுப்புகள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும், 18-லிருந்து 20 வாரத்துக்குள். தள்ளிப்போடாதீர்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்க வேண்டாம், 1994 சட்டப்படி கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் 'எஃப்' படிவம் என்று ஒன்று நிரப்ப வேண்டும், என் கையெழுத்து கெட்டுப்போனதே அதில்தான். ஒரு பாட்டி எங்கள் டாக்டரம்மாவிடம் ரகசியமாக, 'தொதலா, அல்வாவா, அதை மட்டும் சொல்லு தாயி' என்று கேட்டார். 'ரெண்டும் இனிப்புதான், போங்க' என்றார்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா என்று உங்கள் மனைவி கேட்டாளாமே. வேண்டாம். சென்னை டாக்டர் வி. சேஷையா கொண்டுவந்த முறைதான் இங்கே எல்லா இடத்திலும். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்காராதே என்று சொல்லுங்கள், பாதிப் பேர் அங்கேதான் வாந்தி எடுப்பார்கள், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜூலை 6

சிசேரியன் பற்றிச் சண்டை நடந்திருக்கிறது போல. காசுக்காக அறுக்கிறார்கள் என்று ஒரு கட்சி, எல்லாம் பெண்கள் வலி தாங்காததால் என்று ஒரு கட்சி. இரண்டாவது கட்சிக்காரர் ஆண் என்று நினைக்கிறேன்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசில் 36. காசு ஒரு காரணம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முன்மேசையிலிருந்து பார்த்தவளுக்குத் தெரிவது வேறு ஒன்றும் இருக்கிறது. ஒற்றை ஆளாக ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர், பகலில் அறுபது பேரைப் பார்த்துவிட்டு, ராத்திரி முழுக்க ஒரு தலைச்சன் பிரசவத்துக்குப் பக்கத்தில் உட்கார முடியாது. மாலை ஆறு மணிக்கு மயக்க டாக்டர் இன்னொரு கேசுக்காக வந்து நிற்கிறார். இவளுக்குக் கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது. இன்னும் எட்டு மணி நேரம் பார்க்கலாம், நடு ராத்திரியில் சிக்கல் வந்தால் அவரை மறுபடியும் வரவழைக்க வேண்டும். என் தங்கைக்கு ஆனது போல ஆனால்? இப்போதே முடித்துவிடலாம் என்று மனது போகும். நான் பார்த்த சிசேரியனில் பாதியாவது மயக்க டாக்டரின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றதால் நடந்தது என்பது என் கணக்கு. இதை டாக்டரம்மாவிடமே ஒருமுறை சொன்னேன். மறுக்கவில்லை. 'சரி, அடுத்த டோக்கனைக் கூப்பிடு' என்றார்.

ஜூலை 6, மதியம்

'பாதியாவது' என்றது அதிகம். எண்ணிப் பார்த்ததில்லை. நிறைய என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே காரணத்தால்தான் அரசு ஆஸ்பத்திரியைக் கேவலமாகப் பேசாதீர்கள் என்கிறேன். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி இப்போது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, 2022 ஜனவரியில் திறந்த பதினோரு கல்லூரிகளில் ஒன்று. அங்கே கழிப்பறை நாறலாம், ஆயாம்மா அதட்டலாம், ஆனால் சீமாங் என்கிற அவசரப் பிரசவ மையத்தில் ராத்திரி இரண்டு மணிக்கும் டாக்டரும் மயக்க டாக்டரும் ரத்தமும் ஒரே கட்டடத்தில் இருக்கும். உச்சிப்புளியிலிருந்து ஒரே ரோடு.

ஜூலை 28

தம்பியின் மனைவிக்கு பி நெகட்டிவ்வாம். இதை இப்போதுதான் சொல்கிறார்! ஜூன் மாதமே கார்டில் இருந்திருக்கும். தம்பிக்கு ஓ பாசிட்டிவ். பயப்பட ஒன்றுமில்லை, தாயின் உடம்பு பாசிட்டிவ் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் இருக்க 34-ஆம் வாரத்தில் ஆன்டி-டி ஊசி ஒன்று போடுவார்கள், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்து 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. விலை கூடின ஊசி. எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது, முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

எங்கள் பிரசவ ரெஜிஸ்டரில் நெகட்டிவ் பெண்களுக்கு மட்டும் பெயரைச் சிவப்பு மையில் எழுத வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு. ஒருநாள் சிவப்புப் பேனா தீர்ந்துபோய் நீலத்தில் எழுதிவிட்டேன். பதினொரு வருடத்தில் அவர் என்னைத் திட்டியது இரண்டு முறை, அதில் ஒன்று அது.

ஜூலை 28, இரவு

திருத்தம். மேலே 34 என்று எழுதியிருக்கிறேன். தப்பு, 28-ஆம் வாரம். தம்பி, இந்த வாரமே! நல்லவேளையாக அவர்கள் டாக்டர் நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டாராம். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், முன்மேசைக்காரி சொல்வதை இரண்டு முறை சரிபாருங்கள்.

ஆகஸ்ட் 17

இன்னொரு திட்டு எதற்கு என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

2012-ல் மின்வெட்டு ஞாபகம் இருக்கும். பிரசவம் ஆனவுடன் ரத்தப்போக்கு நிற்கத் தொடையில் போடும் ஆக்சிடோசின் ஊசி மருந்து 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீரியம் போய்விடும். கரண்ட் போய்க் காலையிலிருந்து ஃபிரிட்ஜ் அழுதுகொண்டிருக்கிறது, ஜெனரேட்டர் ஓட டீசல் இல்லை. நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கி, ஐஸ் கம்பெனியிலிருந்து ஐஸை உடைத்துப் போட்டு, ஆம்பூல்களை அதற்குள் புதைத்து வைத்தேன். டாக்டரம்மா வந்து திறந்து பார்த்தார். குப்பென்று வாளை மீன் வாடை. ஒரு ஆம்பூலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், உள்ளே மருந்து உறைந்து வெள்ளை ஊசி போல நின்றது. 'உறைஞ்சாலும் போச்சு, சூடானாலும் போச்சு. உனக்கு ஐஸ்ல வைக்கச் சொன்னேனா, குளிர்ச்சியில வைக்கச் சொன்னேனா?' அவ்வளவையும் கொட்டிவிட்டுப் புதிது வாங்கினோம். அதன்பிறகு துணியில் சுற்றி, ஐஸுக்கும் மருந்துக்கும் நடுவில் இடம் விட்டு, தெர்மாமீட்டரைச் செருகி வைத்தோம். பெட்டி மட்டும் அதே மீன் பெட்டி.

அதனால் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனால் ஏசி எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். ஜெனரேட்டர் இருக்கிறதா, ஃபிரிட்ஜுக்குள் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஊசி மருந்தோடு மோர்ப் பாட்டில் இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

செப்டம்பர் 21

ஹீமோகுளோபின் 9.2 என்று தம்பி பதறுகிறார். 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகைதான், ஆனால் நம் பக்கத்தில் பாதிப் பெண்கள் அந்தக் கணக்குத்தான். சின்னப்பாலத்திலிருந்து கடல்பாசி எடுக்கும் பெண்கள் வருவார்கள், அரை நாள் தண்ணீருக்குள் முங்கி எழுகிற உடம்பு, பார்த்தால் இரும்பு மாதிரி இருக்கும், ரத்தத்தில் இரும்பு இருக்காது. இரும்பு மாத்திரையைக் காலை டீயோடு விழுங்குவார்கள். டீ அதை உடம்பில் ஏறவே விடாது. எலுமிச்சம்பழச் சாற்றோடு போடச் சொல்லுங்கள். நேரம் குறைவாக இருப்பதால் டாக்டர் நரம்பில் ஏற்றும் இரும்பு ஊசியே போடலாம். கருவாட்டைக் குறைக்கச் சொன்னாரா? ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார். கேட்டுத்தான் ஆக வேண்டும், எனக்கே வருத்தம்தான்.

கடைசியில் எந்த டாக்டர் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

அக்டோபர் 20

பார்த்தேன், பார்த்தேன். பெண் குழந்தை, 2 கிலோ 900, சுகப்பிரசவம். கடைசியில் நீளப் பலகையும் இல்லை, குட்டைப் பலகையும் இல்லை, ராத்திரி ஒன்றரை மணிக்குப் பனிக்குடம் உடைந்து 108-ல் பெரியாஸ்பத்திரிக்குப் போய், பணியில் இருந்த பட்டமேற்படிப்பு மாணவி பார்த்த பிரசவமாம். இன்னும் பலகையே போடாத டாக்டர்! மாமியார் என்ன சொல்கிறார் என்று கேட்க ஆசை.

குழந்தை என்ன ரத்தம் என்று பார்த்து இரண்டாவது ஆன்டி-டி போட்டார்களா? அதை முதலில் சொல்லுங்கள்.

அக்டோபர் 21

போட்டாயிற்றாம். சரி.

டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த பிரசவத்துக்கு டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். ரெக்கார்டு நகல் வேண்டும் என்றால் எழுதிக் கொடுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆஸ்பத்திரியிலேயே செய்வார்கள், கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணைக் கையில் வைத்திருங்கள், அது இல்லாமல் சான்றிதழ் நகராது. பால் ஊற உங்கள் அம்மா பால்சுறாப் புட்டு அனுப்புவதாகச் சொன்னார்களே, கொடுக்கட்டும், தப்பில்லை. காரத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.

பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம், ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். துபாய், உச்சிப்புளி, மண்டபம் மூன்று இடத்திலும் மூன்று பெயர் ஓடுகிறது என்றீர்களே, அதற்காகச் சொன்னேன்.